நிறம் தனியாகப் போன புடவை

எங்கள் இணையக் கடையில், தரவுத்தளத்தில் எழுத இடமில்லாத குணம் எந்தப் பொருளிலும் தங்குவதில்லை. எடைக்குக் கட்டம் போட மறந்த வாரத்தில் குக்கர்கள் மிதந்தன. குடோன் பொறுப்பாளர் சின்னமணி அவற்றைக் கயிற்றால் கட்டிவைத்தார்.

ஈரோட்டில் அந்தத் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலில் எல்லாப் பொருளுக்கும் ஒரே அட்டவணை வைத்திருந்தேன். அதில் புடவைக்கும் விசில் என்று ஒரு கட்டம் இருந்தது; குக்கருக்கும் முந்தானை என்று ஒரு கட்டம் இருந்தது. காலிக் கட்டங்கள் குடோனிலும் இடத்தை அடைத்துக்கொண்டன.

"நடக்கவே வழியில்லைங்க சார்," என்றார் சின்னமணி.

ஆகவே குணங்களைத் தனி அட்டவணைக்கு மாற்றினேன். பொருளின் எண், குணத்தின் பெயர், அதன் மதிப்பு என்று ஒரு குணத்துக்கு ஒரு வரி. அன்றிலிருந்து பொருள்கள் ஒரு வண்டியிலும் குணங்கள் இன்னொரு வண்டியிலும் போய், வாங்கியவர் வீட்டில் சேர்ந்துகொண்டன.

ஒரு வியாழக்கிழமை காலையில் பவானியிலிருந்து ஹபீபா என்ற அம்மா போன் செய்தார்.

"தம்பி, பொண்ணுக்கு எடுத்த பட்டு வந்துருச்சு. செவப்பு இன்னும் வரல. நாளைக்கு நிக்காஹ்."

தேடிப் பார்த்தேன். ஓர் எண்ணை நான் தப்பாக அடித்திருந்தேன். சிவப்பு திண்டுக்கல்லில் ஒரு குக்கருக்குப் போயிருந்தது. தப்பு என்னுடையது என்பதால் நானே கிளம்பினேன். குக்கர் வாங்கியவர், பருப்பு வெந்து இறங்கும்வரை உட்காரச் சொன்னார். பிறகு சிவப்பைக் கழற்றி என் டிபன் பாக்ஸில் போட்டுத் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்ததால் கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பவானி போய்ச் சேர்ந்தபோது மணப்பெண் நிறமில்லாத பட்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவள் முந்தானையை நீட்டினாள். ஊற்றினேன். சிவப்பு கொசுவம் வரை சீராகப் பரவியது.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்றார் ஹபீபா. பந்தியில் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை, ஒவ்வொரு பொருளின் குணங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதனதன் கூடவே வைத்தேன். மூட்டைக்குள் என்ன எழுதலாம் என்று விதி எதுவும் வைக்கவில்லை. அதன்பின் எதுவும் தொலையவில்லை.

மறுநாள், ஒரு சுவர்க் கடிகாரம் தன் மூட்டையில் தாய்மொழி தெலுங்கு என்று சேர்த்துக்கொண்டிருந்தது. சின்னமணி அதை நெல்லூர் ஆர்டருக்கு ஒதுக்கிவைத்தார்.