விமானத்தில் வருகிறாள் டெஸ்மா

கிறிஸ்துமஸுக்கு விமானத்தில் வருகிறேன் என்று சொல்லி டெஸ்மா வசமாக மாட்டிக்கொண்டாள். நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் அவளுக்கு கால் சென்டரில் போன் எடுக்கிற வேலை. அம்மா வெர்னிஸிடம் மட்டும் அது மேனேஜர் வேலையாக வளர்ந்திருந்தது. மேனேஜர் பஸ்ஸில் வரலாமா? வெர்னிஸ் சொந்த ஊரான கார்ன் தீவு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். சர்ச்சில் பாஸ்டருக்குக்கூட விஷயம் தெரியும்.

கையிலிருந்த காசு விமானத்தின் பக்கத்தில்கூடப் போகாது. பஸ்ஸில் ராமா என்ற ஊர், அங்கிருந்து ஆற்றோடு விசைப்படகில் புளூஃபீல்ட்ஸ் துறைமுகம், பிறகு கடலில் சரக்குப் படகு. ஊர்க்காரர்கள் பயணிகள் படகில்தான் போவார்கள், சிமெண்ட் மூட்டைகளோடு போனால் ஒருவர் கண்ணிலும் படமாட்டோம் என்று கணக்குப் போட்டாள். கரையில் இறங்கியதும் நைசாக விமான நிலையத்துக்கு நடந்து, விமானக் கூட்டத்தோடு கலந்துவிட வேண்டியதுதான். பலே கெட்டிக்காரி.

முதுகில் மூட்டை சுமந்த இரண்டு வெள்ளைக்காரப் பையன்களும் அதே படகில் வந்தார்கள். இவ்வளவு மலிவாகத் தீவுக்குப் போகிறோம் என்று அவர்களுக்கு ஒரே குஷி, சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து போட்டோ வேறு. அவர்களுக்குப் பெருமையாக இருப்பது தனக்கு ஏன் மானக்கேடாக இருக்க வேண்டும் என்று டெஸ்மாவுக்கு எரிச்சல் வந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து தீவுப் பேச்சான கிரியோல் ஆங்கிலத்தில் ஒரு குரல்.

"ஏய், நீ வெர்னிஸ் பொண்ணு டெஸ்மாதானே? எவ்வளவு வளந்துட்ட!"

யூலலி அத்தை. அம்மாவோடு சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவள். சின்ன வயதில் டெஸ்மாவுக்குத் தலை பின்னிவிட்ட கை அவளுடையது.

டெஸ்மா முகத்தை மாற்றிக்கொண்டு, தலைநகரத்து ஸ்பானிஷில், "மன்னிக்கணும், நீங்க பேசறது எனக்குப் புரியல," என்றாள். தீவில் பிறந்தவர்கள் ஸ்பானியர்களிடம், அதாவது அக்கரை நிலப்பகுதிக்காரர்களிடம், ஸ்பானிஷ் பேசுவார்கள். தங்களுக்குள்ளும் அதையே பேசினால் அது மூஞ்சியில் கதவைச் சாத்துகிற மாதிரி.

யூலலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டுத்தடுமாறி ஸ்பானிஷிலேயே, "தப்பா நினைக்காதம்மா, வயசாச்சு, கண்ணு சரியில்ல," என்று சொல்லி, எதிரே வெங்காய மூட்டையில் சாய்ந்துகொண்டாள்.

ஆழ்கடலில் காற்று வெறிபிடித்து அடித்தது. டெஸ்மா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். யாரோ அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள், முதுகைத் தடவினார்கள், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் தன்னை மறந்து தீவுப் பேச்சில் புலம்பினாள்.

"ஐயோ அம்மா, என்னால முடியல, செத்துடுவேன் போலிருக்கே!"

முதுகிலிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்போலவே தடவியது. டெஸ்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதைத் திறந்து அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

படகு கரை சேர்ந்ததும் முதல் ஆளாக இறங்கிக் குறுக்குவழியில் விமான நிலையத்துக்கு ஓடினாள். வாசலில் கூட்டத்தைப் பார்த்து, விமானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் பெட்டியை இழுத்தபடி சிரித்துக்கொண்டே வெளிப்பட்டாள்.

அழைத்துப்போக வந்திருந்த கூட்டம் அவளை வெறித்துப் பார்த்தது. சித்தப்பா மகன் கார்வின்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, காத்துன்னு சொல்லி இன்னிக்குப் பிளேனே விடலியே! நீ எப்படி வந்த, ரெக்கை மொளைச்சிருச்சா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வெர்னிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் சர்ச் தொப்பி, உதட்டில் சாயம். அந்த நேரம் பார்த்து, துறைமுகத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் யூலலி கையில் கனத்த பையோடு வந்து நின்றாள்.

"யூலலி, உன் படகுலயா இவ வந்தா?" என்றாள் வெர்னிஸ்.

யூலலி டெஸ்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் பாக்கலியே. என் எதிர்ல ஒரு ஸ்பானியப் பொண்ணு இருந்தா, அவ்வளவுதான். பாவம், அதுக்கு நம்ம பேச்சு புரியாது."

காப்பாற்றுகிறாளா, குத்திக் காட்டுகிறாளா? எதுவானாலும் டெஸ்மாவால் தாங்க முடியவில்லை.

"அது நான்தான் அத்தை," என்றாள், தீவுப் பேச்சில், எல்லார் காதிலும் விழும்படி. "படகுலதான் வந்தேன். உங்கள யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன்."

சிரிப்பு அடங்கியது. வெர்னிஸ் யூலலியிடம்தான் கேட்டாள்.

"வாந்தி எடுத்தாளா?"

"எடுத்தா."

"யாரு புடிச்சா?"

"யாரோ புடிச்சாங்க, விடு."

வெர்னிஸ் யூலலியின் பையை வாங்கிக்கொண்டாள். மகளுக்காகப் பேசி வைத்திருந்த டாக்சியின் முன்சீட்டுக் கதவைத் திறந்து, யூலலியை உட்காரவைத்து, "இடிபடாம உக்காரு," என்றாள். பிறகு தானும் பின்னால் ஏறிக்கொண்டாள். டெஸ்மா தன் பெட்டியைத் தானே தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.