எல்லாருக்கும் அம்மா

தையல்காரி பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அந்த ஆள் புத்தகத்தோடு வந்தார். சாமியார் ஐயாவைப் பார்த்துவிட்டு வரலாமென்று ஆசிரமத்துக்குப் போய், அங்கேயே வருடக்கணக்கில் தங்கிவிட்டவராம். ஐயா காலமான பிறகு அவரைப் பற்றிப் புத்தகம் எழுதாத சீடரே இல்லை. இவருடையது கொஞ்சம் தடிமன். உள்ளே கட்டிலில் அம்மா உறங்கிக்கொண்டிருந்தாள். ஐயா போன பிறகுதான் மகள் வீடு ஞாபகம் வந்து, ஒரு பையோடு வந்து சேர்ந்தவள்.

"எழுப்ப வேணாம்மா. உங்க அம்மா எங்க எல்லாருக்கும் அம்மா."

"எனக்கும் அம்மாதான்னு சொல்லிக்கிறாங்க" என்றாள் தையல்காரி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் போனதும் பக்கங்களைப் புரட்டினாள். அம்மா நிறைய இடங்களில் இருந்தாள். கூடம் பெருக்கினாள், வந்தவர்களுக்குப் பாய் போட்டாள், ஐயாவிடமே முகத்துக்கு நேராகச் சண்டை பிடித்தாள். எழுதியவருக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடியத் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றினாளாம். 'பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.'

அம்மா வீட்டை விட்டு ஆசிரமத்துக்குப் போன மறு வருடமே, சிறுமியாயிருந்த தையல்காரி டைபாய்டில் படுத்தாள். பிழைப்பாளோ மாட்டாளோ என்றிருந்தது. அப்பா ஆள் அனுப்பினார்; போன ஆள் தனியாகத்தான் திரும்பினான். ஐயாதான் விடவில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். முகம்கூடப் பார்த்திராத அந்த மனிதரை அன்றிலிருந்து அவள் மனசாரத் திட்டித் தீர்த்திருந்தாள்.

சாயங்காலம் அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"ஆமா, பாவம். பொசுக்குன்னு அழுதுடும் அந்தப் பிள்ளை" என்றாள் அம்மா.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்ப அவரு ஏம்மா உன்ன விடல?"

அம்மா புடவை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அவரு போகத்தான் சொன்னாரு. வண்டிக்குக்கூட ஏற்பாடு பண்ணிட்டாரு. நான்தான் வரல."

"ஏன்?"

"உன் மூஞ்சியப் பாத்தா திரும்பிப் போக மாட்டேன்னு தெரியும்டி."

இத்தனை காலம் திட்டியதெல்லாம் யாரையோ. இனித் திட்டுவதென்றால் எதிரே கூன் விழுந்து உட்கார்ந்திருக்கும் இவளைத்தான் திட்ட வேண்டும்.

வெளியே தூறல் விழுந்தது. கொடியில் கிடந்த போர்வையைத் தையல்காரி ஓடிப்போய் உருவிக்கொண்டு வந்தாள். மடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கேட்காமலே அம்மா எழுந்து வந்து ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்தாள். இருவரும் விலகி நின்று இழுத்து உதறினார்கள். பிறகு அம்மா தன் முனைகளை நீட்டிக்கொண்டு மெல்ல மெல்ல அவளை நோக்கி நடந்து வந்தாள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நடுவில் போர்வை தொய்ந்து தரையைத் தொட்டது.