பாத்துக்குவாங்க

டீச்சர் சரியாகத்தான் சொன்னாள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஊரே அவளைத்தான் கைகாட்டியது.

பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லிக்கொடுத்தது பெரிய நாட்டின் மொழி. அந்த நாட்டை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'பெரியவங்க' என்பார்கள், ஏதோ சொந்தத் தாய்மாமனைச் சொல்வது போல. பெரியவங்களிடம் இல்லாத கப்பலா, விமானமா? ஒரு அதட்டல் போட்டால் உலகமே வாயைப் பொத்திக்கொள்ளும். அவர்கள் அனுப்பிய கண்காணிப்பு அதிகாரி ஊருக்கு வந்தபோது, அவர் பேசுவதை மொழிபெயர்க்க டீச்சரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் பக்கத்து நாட்டுப் பட்டாளம் வந்து குவிந்திருந்தது. ஊரைக் காலி செய்பவர்களுக்காக நகராட்சி பஸ் விட்டிருந்தது. போவதா, இருப்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. டீச்சரின் அக்கா வீட்டில் மட்டும் அந்தப் பேச்சே இல்லை. அக்கா மூட்டை கட்டி, வீட்டோடு சேர்ந்திருந்த தங்கள் பேக்கரியின் அடுப்பையும் அணைத்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த தன் அப்பாவைத் தூக்கிப்போக, அத்தான் ஒரு நாற்காலியில் கழிகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அதைப் பார்த்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது.

அதைக் கெடுத்தது சினிமா கொட்டகையில் நடந்த கூட்டம்.

அதிகாரி நல்ல மனிதர். வணக்கம் சொல்லக்கூடக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு காமிரா வைத்திருப்பதாகவும், ஆளே இல்லாமல் அது நாலாபக்கமும் திரும்பும் என்றும் சொன்னார். தன் குழு நாளைக்குக் கிளம்பினாலும் தன் நாடு இந்த ஊரை விட்டுக் கண்ணை எடுக்காது என்றார். டீச்சர் மைக்கைப் பிடித்தாள்.

"இங்க என்ன நடந்தாலும் அவங்க நாடு பாத்துக்கிட்டே இருக்கும்னு சொல்றார்."

'பாத்துக்' என்ற இடத்திலேயே கைதட்டல் தொடங்கிவிட்டது. நம் மொழியில் வினைச்சொல்லுக்கு உயிர் வாலில்தான் இருக்கிறது. வால் வருவதற்குள் விசில் பறந்தது. கொட்டகையை விட்டு வெளியே போன சொல் 'பாத்துக்குவாங்க'. டீச்சர் மேடையிலிருந்து இறங்குவதற்குள் அது கடைத்தெருவைத் தாண்டிவிட்டது.

அவள் ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்குப் போனபோது பேக்கரி அடுப்பு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. மூட்டைகள் பிரிந்து கிடந்தன. அக்கா மாவுக்கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உன் வாயில சர்க்கரைதான் போடணும்டி!"

"ஐயோ அக்கா, நான் அப்படிச் சொல்லல. பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னுதான் சொன்னேன். காமிரால. சும்மா வேடிக்கை பாக்கற மாதிரி."

"வேடிக்கை பாக்கவா இவ்வளவு செலவு பண்ணிக் காமிரா வைப்பாங்க?"

அத்தான் கழிகளை அவிழ்த்துக்கொண்டே சிரித்தார். "பாத்துக்கிட்டே இருக்கறவங்க எப்படிம்மா பாத்துக்காம இருப்பாங்க? அவ்வளவு பெரிய நாடு. ஒரு பொறுப்பு இருக்குல்ல?"

உள்ளே படுத்திருந்த அக்காவின் மாமனாரும் தன் பங்குக்குக் குரல் கொடுத்தார். "நாலு பேர் தூக்கற காலம் எனக்குத் தானா வரும். அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்குத் தூக்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பொறுப்பு இருக்கத்தான் வேண்டும். இருக்க வேண்டியதெல்லாம் இருந்துவிட்டால் அக்கரையில் ஏன் பட்டாளம் நிற்கிறது?

அவள் நேரே அதிகாரியிடம் போனாள். அவர் வயர்களைச் சுருட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சொல் எப்படி வால் அறுந்து போனது என்பதை அவருக்கு அவருடைய மொழியிலேயே விளக்கினாள். அவர் கேட்டுவிட்டு அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காப்பாத்துவோம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைங்க" என்றார்.

"அப்போ காப்பாத்த மாட்டோம்னு வந்து சொல்லுங்க. அது போதும். எல்லாரும் பஸ் ஏறிடுவாங்க."

"அதுக்கும் அதிகாரம் இல்ல. இங்க சொன்னா அது அக்கரைல கேட்கும். நாங்க வருவோமோ என்னவோங்கற பயத்துலதான் அவங்க இன்னும் ஆத்தைத் தாண்டாம நிக்கறாங்க."

அந்த 'என்னவோ'வை நம்பித்தான் அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. ஆனால் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த விதத்தில், அவரும் யாருக்கோ மைக் பிடிக்கிறவர்தான் என்று தெரிந்தது.

"வண்டியில ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு மட்டும்" என்றார் கடைசியாக.

ஏறிவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியது, பொய் எதற்கு. அவள் திரும்பி அக்கா வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் மதியம் கடைசி பஸ் வந்தது. டிரைவர் தெருத்தெருவாக ஹாரன் அடித்துப் பார்த்தார். டீச்சர் அக்காவின் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்தாள்.

"அக்கா, உன் காலைப் பிடிக்கறேன், ஏறு."

"விடுடி. நீ படிச்சவ, எல்லாத்துக்கும் ரெண்டு அர்த்தம் எடுப்பே. பெரியவங்க பாத்துக்குவாங்க."

டிரைவர் பேக்கரியில் வழிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு, பாதிகூட நிரம்பாத பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே அதிகாரியின் வெள்ளை வண்டிகளும் போயின. அதில் ஒரு இடம் காலியாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை அக்கரையிலிருந்து குண்டு விழத் தொடங்கியது. தெருமுனையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. மூன்றாவது பேக்கரியின் பின்சுவரில். மாமனார் படுத்திருந்த அறை அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவரைத் தூக்க உள்ளே ஓடிய அத்தானும் அதற்குள்தான் இருந்தார். உள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. டீச்சரும் அக்காவும் நகம் பெயரும்வரை செங்கல்லை இழுத்தார்கள். மேலே விழுந்து கிடந்த பெரிய உத்தரத்தை இரண்டு பெண்களால் அசைக்கக்கூட முடியவில்லை. தெருவே குண்டுக்குப் பயந்து உள்ளே பதுங்கிக் கிடந்தது; கூப்பிட்ட குரலுக்கு யாரும் வெளியே வரவில்லை.

அக்கா திடீரென்று எழுந்தாள். கொடியில் கிடந்த வெள்ளைப் போர்வையை உருவிக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து அதை வீசினாள்.

"இங்க இருக்கோம்! பேக்கரித் தெரு! ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க!"

தொட்டியின் உச்சியில் காமிரா மெதுவாகத் திரும்பியது. அவர்களுக்கு நேராக வந்து நின்றது.

"பாத்துட்டாங்கடி!" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்மளப் பாத்துட்டாங்க! இப்ப வந்துடுவாங்கல்ல? சொல்லுடி, வந்துடுவாங்கல்ல?"

போர்வை ஒரு பக்கம் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து வீசினார்கள். காமிரா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.