ஒற்றை சீட் மோட்டார்

என் புருஷன் கிளைவ் தங்கமானவன். குடிக்க மாட்டான், சம்பளத்தை மறைக்க மாட்டான், என் அம்மா வந்து ஒரு மாதம் தங்கினாலும் முகம் சுளிக்க மாட்டான். ஆனால் ஒரு சாமானைப் பார்த்து மயங்கிவிட்டால் போச்சு, பக்கத்தில் பெண்டாட்டி நிற்பதுகூட அவன் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை பாயா ரும்புட்டில் மணியம் அண்ணனின் மோட்டார் சாமான் கடையில் அவன் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான்.

எங்களுடையது இருநூற்றைம்பது சிசி ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள், சிவப்பு நிறம். வாங்கிய நாளிலிருந்து கம்பெனி கொடுத்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் நல்ல சாமான்களாகப் பார்த்து மாற்றலாம் என்று இரண்டு பேருமாகப் பேசி முடிவெடுத்துத்தான் அங்கே போனோம். கடைக்குள் நுழைந்ததும் ‘இரண்டு பேரும்’ என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

"டோரிஸ், இதப் பாரேன்! ரேசிங் ரியர்செட்லா."

கால் வைக்கும் கம்பிகளை இன்னும் மேலே, இன்னும் பின்னே தள்ளிவைக்கிற செட் அது. அலுமினியத்தில் கடைந்து, கறுப்பும் சிவப்புமாகப் பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நல்லாருக்கு. பின்னாடி உக்கார்றவங்க காலை எங்க வைக்கிறது?"

கிளைவ் மணியம் அண்ணனைப் பார்த்தான். மணியம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுக்குப் பின்கால் கம்பி வராது தங்கச்சி. பழைய பிராக்கெட்ட முழுசா கழட்டிட்டுத்தான் இத மாட்டணும். ரேஸ்ல பின்னாடி யாரு உக்கார்றா?"

"பின்சீட்ட எடுத்துட்டு மூடி ஒண்ணு போட்டுருவோம்," என்றான் கிளைவ். அவன் கண் இன்னும் ரியர்செட்டின் மேலேயே இருந்தது. "லுக்கு செமயா இருக்கும். எங்கயாச்சும் போகணும்னா நமக்குத்தான் காடி இருக்குலா."

எனக்குச் சுருக்கென்றது. நாலு சக்கரக் காடி இருக்கிறதுதான். அதில் நாங்கள் மார்க்கெட்டுக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மோட்டாரில் ஏறினால் லூபோக் சீனா வரைக்கும் போவோம். அங்கே ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, செம்பனைத் தோட்டத்துப் பாதையாகத் திரும்புவோம். அவன் ஆயர் குரோ தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், நான் ஜாசின் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. வார நாளில் ஒருவர் உள்ளே வர, ஒருவர் வெளியே போக, வாசலிலேயே குடும்பம் நடத்துகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சவாரியில்தான் என் கை அவன் இடுப்பில் இருக்கும், எந்த போன் அடித்தாலும் எடுக்க மாட்டோம். எனக்கு அது வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அங்கேயே அழுதிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம். கடைக்காரர் முன்னால் இரண்டுமே எனக்குப் பிடிக்காது. ரியர்செட்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். இனி இந்த மோட்டாருக்கு ஒரே ஒரு சீட்தான் என்றால், அது இவன் சீட் என்று யார் சொன்னது? அவன் வைத்திருக்கும் அதே பி-டூ மோட்டார் லைசன்ஸ்தான் என்னிடமும் இருக்கிறது. எங்கள் அப்பா சவரியப்பனின் கிளட்ச் மோட்டாரைத் தோட்டத்து லாலான் புல்லுக்குள் எத்தனையோ தடவை கவிழ்த்துப் பழகினவள் நான்.

"சரி, போடு," என்றேன். "ஆனா மத்த சாமான நான்தான் பாத்து எடுப்பேன்."

"எடு, எடு!" என்றான். நான் மனம் மாறுவதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம்.

முதலில் டயர். கிளைவ் எக்ஸாஸ்ட் பக்கம் நகர்ந்தான், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வழுக்கை டயரை வைத்துக்கொண்டு எக்ஸாஸ்ட் மாற்றுகிறவன், கிழிந்த செருப்போடு கோட்டு போடுகிறவன். மழைக்கும் பிடிக்கிற மாதிரி ரப்பர் கொஞ்சம் மெத்தென்று இருக்கும் டயராகப் பார்த்து எடுத்தேன். அடுத்தது பிரேக்குக்கு ஸ்டீல் பின்னிய ஹோஸ். அழுத்தினால் அழுத்தின இடத்தில் நிற்க வேண்டும், எனக்கு அதில் சமரசம் கிடையாது.

லீவருக்கு வந்தபோது அவன் தங்க நிறத்தில் ஒன்றை நீட்டினான். பிடித்துப் பார்த்தேன், என் விரல் எட்டவில்லை. வரிசையாக ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்து, தூரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற கறுப்பு லீவரை எடுத்தேன்.

"கோல்டுதானே அழகு?" என்றான்.

"சிவப்புக்குக் கறுப்புதான் எடுக்கும்," என்றேன். அழகு விஷயத்தில் நான் சொன்னால் அவன் மறுபேச்சு பேச மாட்டான்.

எக்ஸாஸ்ட்டில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. அவனுக்கு ஊரே எழுந்திருக்கிற சத்தம் வேண்டும். எனக்குச் சட்டப்படி முத்திரை குத்தியது வேண்டும். ஜாசின் ரோட்டில் போலீஸ் தடுப்பு போட்டுச் சம்மன் எழுதினால் நீயே போய்க் கட்டு என்றேன். அடங்கின சத்தத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சத்தத்தைப் போனில் தேடிக் கேட்டுப் பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டான்.

அந்த நேரத்தில் மணியம் அண்ணன் பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரை எடுத்து வைத்தார். ஸ்பிரிங்கை ஆள் எடைக்குத் தகுந்த மாதிரிதான் அவர் போடுவார், அதைக் கேட்காமல் யாருக்கும் மாட்ட மாட்டார்.

"ஓட்டுறவங்க எடை எவ்ளோ?"

நான் என் எடையைச் சொன்னேன்.

அவர் வெளியே நின்ற கிளைவைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது அவரு எடை இல்லியே."

"ஓட்டுறவங்க எடைதானேண்ணே கேட்டீங்க?"

மீசைக்குள் சிரித்தார். "போலே, போலே, செஞ்சிரலாம். அவரு ஓட்டுறப்போ இந்த வளையத்த இறுக்கிக்கணும், நீங்க ஓட்டுறப்போ தளத்திக்கணும். ஸ்பேனர் தாரேன். நா ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல."

அடுத்த வாரம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். எனக்கு அப்போது மதிய ஷிப்ட். கிளைவ் காலையில் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். நான் வளையத்தைத் தளர்த்தி, லீவரைக் கிட்டே கொண்டுவந்து, மோட்டாரைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்.

முதல் நாள் முச்சந்தியில் எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் வந்த செம்பனை லோரிக்காரன் ஹாரன் அடித்தான், நானும் திருப்பி அடித்தேன். மணிக்கட்டு வலித்தது, முட்டி வலித்தது. மூன்றாம் நாள் தோட்டத்துப் பாதையில் அந்த நீளமான வளைவில் உடம்பைச் சாய்த்தேன், மோட்டாரும் கூடவே சாய்ந்து, போட்ட கோட்டில் போனது. அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி எல்லாமே எனக்குப் பொருந்தியிருந்தது. நான் எடுத்த சாமான் ஒன்றுகூட சோடை போகவில்லை. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவன் அளவுக்குத் திருப்பி இறுக்கிவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

"டேங்க்ல எண்ணெய் சீக்கிரம் தீருதே டோரிஸ். புது எக்ஸாஸ்ட் குடிக்குதோ?" என்று கேட்டான்.

"இருக்கும்லா," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சிற்றாலயத்தில் புனித கிறிஸ்டோபர் திருநாள். பூசை முடிந்ததும் திடலில் வண்டிகள் எல்லாம் வரிசையாக நிற்கும், லோரியிலிருந்து கப்சாய் என்கிற சின்ன மோட்டார் வரைக்கும். ஃபாதர் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் அந்த வண்டியில் போகிறவர்கள் எல்லாரும் அதில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராதவர் அடுத்த திருநாள் வரைக்கும் அந்த வண்டியில் ஏறக் கூடாது. இது எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் இல்லை என்று ஃபாதர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார், எங்கள் ஆட்கள் விடுவதாக இல்லை. போன திருநாளில் கிளைவின் கூட்டாளி ஜேசனுடைய மாமனார் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஃபாதர் வந்துவிட்டார். பாவம், மனுஷன் இன்னும் பஸ்ஸில்தான் போய்வருகிறார்.

இதைக் கிளைவ் சுத்தமாக மறந்துவிட்டான். திருநாளுக்கு மோட்டார் ஜொலிக்க வேண்டும் என்று விடியற்காலையிலிருந்து துடைத்தவன், அதில் என்னை எங்கே உட்கார வைப்பது என்று நினைக்கவே இல்லை. நான் மறக்கவில்லை. சேலை கட்டாமல் ஜீன்ஸ் போட்டு, ஹெல்மெட்டைக் காடியில் வைத்து எடுத்து வந்திருந்தேன்.

வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் ஜேசன், பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்சாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், டோரிஸ் எங்க உக்காருவா?" என்று கேட்டான்.

கிளைவ் பின்சீட் மூடியைப் பார்த்தான். அவன் முகம் தொங்கிவிட்டது.

"டோரிஸ்... மறந்தே போயிட்டேன்லா."

"தெரியும்," என்றேன்.

அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார். "என்ன கிளைவ், ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு? சீக்கிரம், யாரு உக்கார்றீங்க?"

கிளைவ் ஒரு நொடி நின்றான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு விலகி நின்றான்.

"நீ உக்காரு டோரிஸ். நா கீழயே நிக்கிறேன்."

எனக்கு மனசு இளகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். தீர்த்தம் முகத்திலும் டேங்கிலும் தெறித்தது.

"சாவி குடு."

"எதுக்கு?"

"தீர்த்தம் பட்டவங்கதானே ஓட்டணும்?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கிளைவும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான், நான் சும்மா உட்கார்ந்து படம் காட்டப்போகிறேன் என்று நினைத்து. கையில் இருந்த என் ஹெல்மெட்டை மாட்டினேன், லீவரைக் கிட்டே கொண்டுவந்தேன், ஸ்டார்ட் பண்ணினேன், கியரைப் போட்டுத் திடலை விட்டு வெளியே போனேன். பின்னால் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

தோட்டத்து முச்சந்தி வரைக்கும் போய்த் திரும்பினேன். நன்றாக ஓட்டினேன், நன்றாக ஓட்டுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் திரும்பி வருகிற வழியில் இனி ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தானா என்று நினைத்தேன். அவன் போனால் நான் நிற்க வேண்டும், நான் போனால் அவன் நிற்க வேண்டும். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கேட்டருகே அவன் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தான். கூட்டாளிகள் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தியதும் மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். லீவரைத் தொட்டான். குனிந்து பின் ஸ்பிரிங்கைப் பார்த்தான்.

"இது எல்லாம் உன் அளவுக்கு எடுத்த சாமான்."

"ஆமா."

"கடையிலயே முடிவு பண்ணிட்டியா?"

"நீயும் கடையிலதான் முடிவு பண்ணின."

நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சீட்டை விட்டு இறங்கவில்லை.

"நீ போன நேரம் பூரா இங்கயே நின்னேன்," என்றான். "எனக்குப் புடிக்கல டோரிஸ்."

"எனக்கும் புடிக்கல."

"நாளைக்கே மணியம் அண்ணன் கடைக்குப் போவோம். இந்த ரியர்செட்ட எடுத்துட்டு பழைய பிராக்கெட்ட மாட்டுவோம். பின்சீட்ட திருப்பிப் போட்டுருவோம்."

"கிளைவ், நா முன்னாடி ஓட்டிப் பழகிட்டேன். இனி எனக்குப் பின்சீட் வேணாம்."

"ஒனக்குன்னு யாரு சொன்னா?" என்றான். "எனக்கு."

பிறகு என் பதிலுக்குக்கூட நிற்காமல், தன் மேலும் தெளிக்கத் தீர்த்தம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்க ஃபாதரைத் தேடித் திடலுக்குள் ஓடினான்.