ஆறு ஒன்பதும் ஒரு ஒன்றும்

ஒட்டிலி ஸ்விக்கரின் வீட்டுத் தொலைபேசி எண் 9999991. ஏழு இலக்கத்தில் இதைவிடப் பெரிய பகா எண் கிடையாது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாது. மஹோன் பே ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நாயாய் அலைந்து வாங்கிய எண் அது. மற்றவர்கள் நகை வைத்திருந்தார்கள், அவள் இதை வைத்திருந்தாள்.

கணவன் லோர்னுக்கு அது வேப்பங்காய். ஒன்பதை அழுத்த ஆரம்பித்து நிறுத்தத் தெரியாதவர்கள் எல்லாம் இங்கே வந்து விழுந்தார்கள். சாப்பாட்டு நேரம் பார்த்து பீட்சா கேட்டார்கள். எண்ணை மாற்று என்று அவன் நச்சரித்ததில், என்றைக்கு அது வகுபடுகிறதோ அன்றைக்கு மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். பென்சிலால்தான் வகுக்க வேண்டும், இயந்திரம் கூடாது. வகுபடாத எண் எப்படி வகுபடும்? நிம்மதியாக இருந்தாள்.

2014இல் தொலைபேசி கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனி உள்ளூருக்குப் பேசவும் பகுதிக் குறியீட்டின் மூன்று இலக்கங்களை முன்னால் சேர்க்க வேண்டுமாம். லோர்ன் கடித உறையின் பின்பக்கத்தில் இலக்கங்களைக் கூட்டினான். பழையது ஐம்பத்தைந்து, குறியீடு பதினொன்று, ஆக அறுபத்தாறு.

"கூட்டுத்தொகை மூணால வகுபட்டா எண்ணும் வகுபடும். நீ சொல்லிக்குடுத்ததுதான், ஒட்டிலி."

இரண்டு தடவை சரிபார்த்தாள். அழுகை வந்தது, ஓர் எண்ணுக்காகவா அழுகிறோம் என்று வெட்கமும் வந்தது. வாக்கு வாக்குதான், நாளைக்கே மாற்றச் சொல்கிறேன் என்றாள். தட்டில் பீன்ஸ் ஆறிப்போயிருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. பீட்சாதான் என்றான் லோர்ன். இல்லை, அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்திலிருந்து அக்கா ஹெஸ்டர். ஏழு இலக்கம் பத்தாகி எல்லாம் பாழாய்ப் போன கதையை ஒட்டிலி அவளிடம் கொட்டித் தீர்த்தாள்.

"பத்தா? நான் எப்பவும் பதினொண்ணுல்ல அழுத்துறேன்," என்றாள் ஹெஸ்டர். "வெளியூர்லருந்து முன்னால ஒண்ணு போடாம உன் வீட்டுக்கு எப்படிடி வரும்?"

ஒட்டிலி மனதுக்குள் கூட்டினாள். அறுபத்தாறும் ஒன்றும் அறுபத்தேழு. மூன்றால் வகுபடாது.

"நம்ம எண்ணோட முழுப் பேரு ஒண்ணுல ஆரம்பிக்குது, லோர்ன். எங்க, வகுத்துக் காட்டு."

இது போங்கு என்று முணுமுணுத்தபடி அவன் பென்சிலை எடுத்தான். ஏழால் வகுத்தான், மீதி இரண்டு. பதினொன்றால் வகுத்தான், மீதி இரண்டு. பதின்மூன்றுக்கும் இரண்டே வந்தது.

"இதென்ன, மூணுக்கும் ரெண்டா?" நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

சோதிக்க வேண்டிய பகா எண்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நாளுக்குப் பத்து என்றாலும் மூன்றரை வருடம். ஒட்டிலி மனக்கணக்காய்ப் போட்டாள், வெளியே சொல்லவில்லை.

மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி அடித்தது. லோர்ன் காதிலேயே வாங்கவில்லை. நாற்பத்து மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு வரி இறங்கும்போதும் அவன் முகம் சுருங்கியது. கடைசியில் மீதி பதினான்கு வந்தது.

"அப்பாடா," என்றான், "தப்பிச்சிருச்சு."

ஒட்டிலி எழுந்துபோய், அழைத்தவருக்குப் பீட்சா கடை எண்ணைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.