சாது என்று பெயர் வைத்த கிருமி

அந்தக் கிருமிக்குச் சாது என்று பெயர் வைத்தவள் அண்ணிதான். கணவனின் தங்கையும் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்ததால், அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே இவள் மொத்தக் கூடத்துக்கும் அண்ணியாகிவிட்டாள். அந்தத் தங்கைக்கு வீட்டிலும் வெளியிலும் வாலு என்றுதான் பெயர். வால்தனம் அப்படி.

சாது என்ற பெயர் சும்மா வரவில்லை. இந்த வகைக் கிருமி, ஊசி மாதிரி ஒரு குழாய் வைத்துக்கொண்டு நம் உடம்புக்குள் விஷத்தை ஏற்றும். அந்தக் குழாயை ஆட்டிவைப்பது ஒரு புரதம். புரதத்தை நீக்கிய கிருமியை வளர்த்து, மெஷினில் சுற்றி, மேலே நிற்கும் தண்ணியைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த கிருமியைச் சோதித்தால் விஷம் துளிகூட இல்லை. நோஞ்சானாக வேறு வளர்ந்தது. அப்புறமென்ன, சாதுதான்!

நேற்று சாயங்காலம் சாதுவை நிரப்பிய சிரிஞ்சின் ஊசி வாலுவின் விரலில் ஏறிவிட்டது. முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"அட, சாதுதானே! கையை நல்லா கழுவிட்டு வீட்டுக்குப் போ. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றாள் அண்ணி.

விடிந்ததும் வாலுவுக்குக் காய்ச்சல். கணவன் லீவு போட்டுத் தங்கையை டாக்டரிடம் கூட்டிப்போனான். அண்ணி வேலைக்கு வந்துவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. வாலு நேற்று மெஷினில் சுற்றிவைத்த சோதனைக் குழாய்கள் கொட்டப்படாமல் அப்படியே இருந்தன. எப்போதும் கொட்டுகிற அந்தத் தண்ணியில் ஒரு சொட்டு எடுத்து, எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பட்டை பட்டையாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டினாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கை சும்மா இருக்கவில்லை.

சாயம் ஏறியதும் குனிந்து பார்த்தாள். விஷம் தெரிய வேண்டிய இடத்தில், மை கொட்டியது போலத் தடியாக ஒரு பட்டை. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் ஓட்டிய, புரதம் நீக்காத கிருமியின் தண்ணியில் அதில் பாதிகூட இல்லை.

அடிப்பாவி! அந்தப் புரதம் குழாய்க்கு மூடியல்லவா? மூடியைப் பிடுங்கியதும் விஷம் உள்ளே தங்காமல் கொட்டியிருக்கிறது. இருக்கிற சத்தையெல்லாம் விஷம் கக்கவே செலவழித்துத்தான் அது நோஞ்சானாகியிருக்கிறது. இத்தனை நாளும் விஷத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, விஷம் இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். படித்த படிப்பை எந்த அடுப்பில் போடுவது?

கணவனுக்குப் போன் அடித்தாள்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"என்ன கிருமின்னு கேட்டாரு. நீ சொன்ன மாதிரியே ஆபத்தில்லாததுன்னு சொன்னோம். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. இப்பதான் அசந்து தூங்குறா, பாவம்."

"தூங்க விடாதீங்க! எழுப்பிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னது தப்புங்க, தப்பு!"

போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஏய் வாலு, எழுந்திரு" என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான். பிறகு வாலு என்பதை விட்டுவிட்டு, யாருமே கூப்பிடாத அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தான்.