பொறுமைக்குக் கைதட்டல்

ஃபாரஸ்ட் கேட் என்ற ஆங்கிலேயப் புறநகரில் உள்ள அந்த முதியோர் இல்லத்தில் மாடிக்கு மூன்று பேர் வேலை செய்த காலம் போய், இப்போது இரண்டு பேர். மூன்றாவது ஆளைக் குறைத்த மாதமே, மனவலிமைப் பயிற்சி என்று ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்தார்கள். பழைய ரோமாபுரி ஞானிகளின் வழியில் துன்பத்தைத் தாங்கக் கற்றுத் தருவாராம். சோறு கேட்டவர்களுக்குப் பஞ்சாங்கம் வாசிக்கிற வேலை.

துளசி காலை ஷிப்ட் முடிந்த கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். கால்கள் மரத்துப் போயிருந்தன. பன்னிரண்டு வருஷ வேலையில் ஒரு நாளும் முணுமுணுத்தவளில்லை. ஆனால் போன கிழமை, கூட வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை ஜெஸ்ரின் தனியாளாக ஒரு பெரியவரைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த மூன்றாவது ஆளைத் திரும்பத் தாருங்கள் என்று இன்று எல்லோர் முன்னிலையிலும் மேனேஜர் ஆனந்தராஜாவிடம் கேட்டுவிடத்தான் துளசி வந்திருந்தாள்.

அதிர்ஷ்டம் நம் கையில் இல்லை, குணம் மட்டுமே நம் கையில் என்று ரோமர்கள் நம்பியதாகப் பயிற்சியாளர் சொன்னார். துளசிக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்தபோது அவளும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

அதற்கு உதாரணம் எங்களிடமே இருக்கிறது என்று ஆனந்தராஜா எழுந்தார். யுத்தத்தில் தம்பியையும் வீட்டையும் இழந்த துளசி, ஒருமுறைகூட முடியாது என்று சொன்னதில்லை. மாடிக்கு இரண்டு பேர் போதும் என்று மேலிடத்துக்கு எழுதியதே அவளை நம்பித்தான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெஸ்ரின் மட்டும் தட்டவில்லை.

துளசிக்கு முகம் சுட்டது. தன் பொறுமையல்லவா அந்தப் பிள்ளையின் இடுப்பை முறித்திருக்கிறது! எழுந்து நின்றாள். பாடமாக்கி வந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை; தமிழ்தான் வந்தது.

"அண்ணை, சண்டையை நான் தாங்கினது, அதை நிப்பாட்ட எனக்கு ஏலாமல் இருந்தபடியால். இது அப்பிடியில்லை. இதை நிப்பாட்ட உங்களுக்கு ஏலும்."

ஆனந்தராஜா மேசையைப் பார்த்தார். அவரும் அதே சண்டைக்குத் தப்பி வந்தவர்தான். துளசி என்ன சொல்கிறார் என்று பயிற்சியாளர் ஆவலோடு கேட்டார். எல்லோருக்கும் நன்றி சொல்கிறார், கொஞ்சம் கலங்கிவிட்டார் என்று ஆனந்தராஜா ஆங்கிலத்தில் சொன்னார். மறுபடியும் கைதட்டினார்கள்.

உட்கார்ந்துவிடலாம் போல அவ்வளவு களைப்பாக இருந்தது துளசிக்கு. அப்போது முன்வரிசையில் ஜெஸ்ரின், ஒரு கையால் கதிரையையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்தாள். துளசி சொன்னது அதில்லை என்று தொடங்கி, சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. பயிற்சியாளர், பாவம், நல்ல மனுஷன். ஆனந்தராஜாவின் பக்கம் திரும்பி, இது உங்கள் கையில் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆனந்தராஜா அவரை விட்டுத் துளசியைப் பார்த்தார்.

"ஓம், எனக்கு ஏலும்" என்றார்.

அதன் பிறகுதான் துளசி உட்கார்ந்தாள்.